நல்ல பாட்டில் ஸ்டாண்டு ஒன்று அனுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். கடிதம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன். எவ்வளவு சௌக்கியம் என்பதை மேற்கொண்டு படித்து நீயே முடிவு செய்துகொள். கையில் போன் இருக்கும்போது இந்த அக்கா எதற்குக் காகிதத்தைக் கெடுக்கிறாள் என்று தலையில் அடித்துக்கொள்ளாதே. போனில் நான் வாயைத் திறந்தால் நீ பாதியிலேயே 'புரியுது, புரியுது' என்று சொல்லிவிட்டு உன் முதுகுவலிக் கதையை எடுத்து விடுகிறாய். அதோடு இது இரண்டே அறை உள்ள வீடு. எந்த மூலையில் நின்று குசுகுசுவென்று பேசினாலும் இவர் காதில் விழுந்துவிடுகிறது. டாக்டர் இவருக்கு ஞாபகம் போகிறது என்றுதான் சொன்னாள், காது போகிறது என்று சொல்லவில்லை.

விஷயம் ஒரு பாட்டில் ஸ்டாண்டு. சைக்கிளில் தண்ணீர் பாட்டிலைச் செருகி வைக்க ஒரு கம்பிக் கூடு இருக்கிறதே, கடைக்காரர்கள் கேஜ் என்கிறார்களே, அதுதான். நீ பாதி ஆயுசை சைக்கிள் சாமான் விற்பதிலேயே கழித்தவன். நல்ல ஸ்டாண்டு எது, விலைக்கு உழைக்கிற பாட்டில் எது என்று உனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? இதற்குப் போய் ஒரு கடிதமா என்று நினைக்காதே. உன் அத்தான் சைக்கிள் ஓட்டுவாரா மாட்டாரா என்பது இப்போது அந்த ஸ்டாண்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். இவர் குடிநீர் ஆபீசில் மீட்டர் ரீடராக இருந்த காலமெல்லாம் சைக்கிளில்தான் வீடு வீடாகப் போனார். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் சாப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு, பழைய தெருக்களையெல்லாம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால்தான் இவருக்குப் பொழுது விடிந்த மாதிரி. வெயில் ஏற ஆரம்பித்த சமயத்தில் ஒருநாள் அப்படிப் போனவர் மதியம் வரை வரவில்லை. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்து நடந்து என் காலே வீங்கிவிட்டது. வந்து சேர்ந்தபோது உதடெல்லாம் வெடித்து, முகம் சுண்டிப்போய், மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எங்க போனீங்க இவ்வளவு நேரம்?" என்றேன். "தெரு ஒண்ணு கூட வந்துடுச்சும்மா" என்றார். குழம்பில் தண்ணீர் கூடும், பாலில் சர்க்கரை கூடும், ஊரில் தெரு கூடுமா? அப்போது நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

மறுநாள் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அந்த டாக்டரம்மா சின்னப் பெண். உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருக்கிறது, வெளியே போகும்போது கையில் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள் என்றாள். அதோடு விட்டிருந்தால் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். விடவில்லை. ஏதோ மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, "நான் சொன்ன மூணு பொருளும் என்ன சார்?" என்று கேட்டாள். இவர் நிதானமாக, "உங்க கிளினிக் தண்ணி மீட்டர் பின்பக்கம் படிக்கட்டுக்கு அடியில இருக்கு. மூடி உடைஞ்சிருக்கும். அதைத் தூக்கினா முதல்ல ஒரு தவளை வெளிய வரும், அப்புறம்தான் நம்பர் தெரியும்" என்றார். அவள் ஆளை அனுப்பிப் பார்த்தாள். மூடி உடைந்துதான் இருந்தது. தவளையும் இருந்ததாம்! இதைவிட ஞாபகசக்திக்கு என்னடா அத்தாட்சி வேண்டும்? ஆனால் அவள் தவளையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, "மறதி ஆரம்பிச்சிருக்கும்மா. இது மெள்ள மெள்ளக் கூடத்தான் செய்யும். சைக்கிள்ல தனியா விடாதீங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஆனால் அவள் சொன்னதை என் மனசு வாங்கிக்கொள்ளவே இல்லை.

இதை நான் உன் மருமகனிடம் சொல்லியிருக்கக் கூடாது. பெற்ற பிள்ளையிடம் எதை மறைப்பது என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவன் வெளியூரில் இருந்துகொண்டே குதித்தான். "அம்மா, சைக்கிளைப் பூட்டி சாவியை ஒளிச்சு வை. நடு ரோட்டுல ஏதாவது ஆச்சுன்னா யாரு ஓடி வர்றது?" என்றான். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். என் பயத்தை யாரிடம் சொல்வது? "டேய், அந்த சைக்கிள் இருக்கறதாலதான் உங்கப்பா காலைல எழுந்து ஷேவ் பண்ணிக்கறார், தலை வாரிக்கறார். அது போச்சுன்னா நாற்காலில உக்காந்துடுவார். உக்காந்தார்னா அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார்டா" என்றேன். இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை, தம்பி. இவரோடு வேலை பார்த்த எத்தனையோ பேர் அப்படி நாற்காலியில் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அழுது, கத்தி, கடைசியில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரு உடன்படிக்கை ஆயிற்று. சைக்கிளில் பாட்டில் வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்புவது. குடித்துவிட்டுப் பாட்டிலை அப்பா ஒழுங்காக வீட்டுக்குக் கொண்டு வந்தால், புத்தி தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம், சைக்கிள் இருக்கட்டும். பாட்டில் வரவில்லையென்றால் அவனே லீவு போட்டு வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஒரு மனுஷனுடைய புத்தியை அளக்க என் பிள்ளை கண்டுபிடித்த கருவியைப் பார்த்தாயா!

உடனே கடைக்கு ஓடினேன். அடேயப்பா, ஒரு சுவர் முழுக்க ஸ்டாண்டு தொங்குகிறது. கம்பியில் ஒன்று, பிளாஸ்டிக்கில் ஒன்று, அலுமினியத்தில் ஒன்று, கறுப்பாக வழவழவென்று இன்னொன்று. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அந்தக் கறுப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "கார்பன் மேடம். எடையே தெரியாது பாருங்க." எங்கள் சைக்கிள் எந்தக் காலத்து இரும்பு என்று உனக்குத் தெரியும். அதை ஸ்டாண்டு போட்டு நிறுத்துவதற்கே ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாகச் சாப்பிட வேண்டும். "எடை குறையணும்னா எங்க வீட்டுக்காரர் தொப்பையைக் குறைச்சா போதும். இது பாட்டிலை இறுக்கிப் பிடிக்குமா, அதைச் சொல்லுங்க" என்றேன். அவர் சைக்கிளைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஸ்குரூ மாட்ட இதுல ஓட்டையே இல்லையே மேடம்" என்றார். ஓட்டை இல்லாத பொருளைக் குறை சொல்கிற கடைக்காரரை அன்றைக்குத்தான் பார்த்தேன். வளையம் போட்டு இறுக்கலாம் என்றார். இருப்பதிலேயே மலிவான பிளாஸ்டிக் ஸ்டாண்டை எடுத்தேன். அதற்கு ஒரு பாட்டில் இலவசம். இலவசம் என்றால் உன் அக்காவுக்குக் கண் தெரியாது, அது உனக்குத் தெரிந்ததுதான்.

அந்த இலவசம் முதல் நாளே பல்லை இளித்தது. அதில் தண்ணீர் குடித்துவிட்டு இவர், "ஏம்மா, மழைக்கோட்டைப் பிழிஞ்சு குடுத்த மாதிரி இருக்கு" என்றார். எலுமிச்சம்பழம் போட்டு ஊறவைத்தேன். எலுமிச்சம்பழம் போட்ட மழைக்கோட்டு வாசனை வந்தது. ஸ்டாண்டை நடுக் கம்பியில் மாட்டினால் மிதிக்கும்போது முழங்கால் இடிக்கிறது என்றார், ஹேண்டில் பக்கம் மாற்றி மாட்டினோம். வேகத்தடையில் சைக்கிள் ஏறி இறங்கியதும் பாட்டில் அங்கிருந்து எழும்பி, பக்கத்தில் போன ஸ்கூட்டர்காரர் மடியில் போய் உட்கார்ந்ததாம். அவர் துரத்திக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "சார், அடுத்த தடவை சொல்லிட்டுப் போடுங்க, பிடிக்கறேன்" என்றாராம். சரி, பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று ஸ்டீல் பாட்டிலும் அலுமினிய ஸ்டாண்டும் வாங்கினேன். தண்ணீருக்கு வாசனை இல்லை, ஆனால் சத்தம் இருந்தது. இவர் தெருவில் போனால் கடகடவென்று பாத்திரக்கடையே உருண்டு போகிற மாதிரி. நாயெல்லாம் பின்னாலேயே ஓடி வந்தன. சத்தத்தை அடக்க இவருடைய பழைய சாக்ஸ் ஒன்றைப் பாட்டிலுக்கு மாட்டிவிட்டேன். "சாக்ஸுக்குள்ள இருந்து தண்ணி குடிக்கிற நிலைமைக்கு வந்துட்டேனே" என்று ஒரு பாட்டம் சிரித்தார். சாக்ஸ் மாட்டியதும் பாட்டில் ஸ்டாண்டில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. ரொம்ப நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஓடுகிற வண்டியில் இவர் ஒரு கையால் இழுத்திருக்கிறார், பாட்டில் வரவில்லை, இவர்தான் வந்தார். நல்லவேளை, வீடு கட்டுவதற்குக் கொட்டி வைத்த மணலில் விழுந்தார். தலையெல்லாம் மணலோடு வந்தவரைக் குளிப்பாட்டி உட்கார வைப்பதற்குள் பிள்ளையின் வீடியோ கால். "அப்பா காதுல என்னம்மா மண்ணு?" "பக்கத்துல வீடு கட்டறாங்க, பார்க்கப் போனார்." பொய் இல்லையே, கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் ஞானம் வந்தது. பாட்டில் அமுக்கினால் அமுங்க வேண்டும், அப்போதுதான் வண்டியை நிறுத்தாமல் குடிக்கலாம். வாய் அகலமாக இருக்க வேண்டும், கையை விட்டுத் தேய்த்துக் கழுவலாம். ஸ்டாண்டு அலுமினியமாக இருந்தால் போதும், அதன் மேல் விளிம்பில் ஒரு சின்ன நாக்கு இருக்க வேண்டும், பாட்டிலின் கழுத்தைக் கவ்விக்கொள்ள. இந்த மூன்றும் இருந்தால் விலை குறைந்ததும் ஒன்றுதான், கூடியதும் ஒன்றுதான். அப்படி ஒரு ஜோடி கிடைத்தது. ஆரஞ்சு நிற பாட்டில். கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. காலையில் நான் ரொப்பிக் கொடுப்பேன், வாசலில் நின்று கையாட்டுவேன், இவர் மணியடித்துக்கொண்டு போவார், பாட்டில் காலியாகத் திரும்பி வரும். இந்த வீட்டில் இனி ஒரு குறையும் இல்லை என்று நிஜமாகவே நம்பினேன்.

ஒருநாள் பாட்டில் வரவில்லை. "எங்கங்க பாட்டில்?" என்று கேட்டேன். இவர் குனிந்து ஸ்டாண்டைப் பார்த்தார். உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "இங்கதாம்மா வெச்சேன்" என்றார். அந்த முகத்தை உனக்கு எப்படி எழுதிக் காட்டுவது? பேனாவைத் தொலைத்துவிட்டு அடி விழப்போகிறது என்று நிற்கிற பிள்ளை முகம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் என்னைப் பார்த்து ஒருநாளும் பயந்ததில்லை. சட்டென்று, "ஸ்டாண்டு லூஸுங்க, எங்கயாவது விழுந்திருக்கும்" என்றேன். இவருக்கு உயிர் வந்தது. "ஆமா ஆமா, லூஸ்தான்" என்றார். அன்றிலிருந்து ஸ்டாண்டுதான் லூஸ். குறடை எடுத்து நெருக்கினேன், மறுநாளும் பாட்டில் வரவில்லை. இன்னும் நெருக்கினேன், அது உடைந்தே போயிற்று. இன்னொன்று வாங்கினேன். ரப்பர் வைத்தது, பித்தான் வைத்தது என்று நான் வாங்காத ஸ்டாண்டு இல்லை. கடைக்காரர் என்னைப் பார்த்தாலே நாற்காலி போடுகிறார். எந்த ஸ்டாண்டு மாட்டினாலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை காலி ஸ்டாண்டுதான் வீட்டுக்கு வருகிறது.

பிள்ளைக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே? அதே ஆரஞ்சு பாட்டிலை மொத்தமாக வாங்கித் துணி அலமாரியில் புடவைக்குப் பின்னால் அடுக்கி வைத்தேன். அவன் வீடியோ காலில் வந்து, "பாட்டிலைக் காட்டும்மா" என்பான். நான் உள்ளே போய்ப் புதுசு ஒன்றை எடுத்து, அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, பாதி குடித்த மாதிரி ஆக்கி, கொண்டுவந்து காட்டுவேன். "பரவால்லையே, அப்பா ஒழுங்கா வெச்சுக்கறாரே" என்பான். ஒரு தடவை அவசரத்தில் விலைச் சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டேன். "என்னம்மா அது வெள்ளையா ஒட்டிக்கிட்டிருக்கு?" என்றான். "உங்கப்பா பேரை எழுதி ஒட்டியிருக்கேன்" என்றேன். பெற்ற பிள்ளையிடம் இப்படிக் கூசாமல் புளுகுவேன் என்று நானே நினைக்கவில்லை.

அந்தப் பொய்யிலிருந்தே ஒரு யோசனை வந்தது. பாட்டிலின் மேல் என் போன் நம்பரைப் பெரிதாக எழுதினேன். அதுதான் நான் செய்த வினை. அன்றைக்கே போன் வந்துவிட்டது. தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கிற அம்மா. "உங்க பாட்டில் என் சைக்கிள்ல இருக்குங்க." கீழே கிடந்ததா என்றேன். "இல்லீங்க, என் ஸ்டாண்டுல செருகியிருக்கு." இரண்டு நாள் கழித்துத் தையல்கடைக்குத் துணி கொடுக்க வந்தவர் ஒருவர், அதே கதை. அப்புறம் ஒரு நாள் பேங்கில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, தலையில் ஹெல்மெட்டும் கையில் என் ஆரஞ்சு பாட்டிலுமாக வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். என் புலம்பலைக் கேட்டு, எங்கள் சைக்கிளைக் குனிந்து பார்த்து, ஸ்டாண்டை ஆட்டிப் பார்த்தாள். "இது நல்ல ஸ்டாண்டுங்க. நானும் இதேதான் மாட்டியிருக்கேன். இந்த விலைக்கு இதைவிட நல்லது வராது. பாட்டிலை விடவே விடாது" என்றாள். பிறகு குரலை இறக்கி, "சார் குடிச்சிட்டு, மூடியை நல்லா மூடி, என் வண்டியில செருகறதை நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். ரொம்பக் கவனமா செருகினார். ஒரு தடவை தட்டிக்கூடப் பார்த்தார். அதான் நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். அவளுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நன்றாக அழுதேன். தண்ணீர் வீணாகிறதே என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார், மீட்டர் ரீடர் அல்லவா. மூடிவிட்டு, அழுகையையும் அதோடு முடித்துக்கொண்டேன்.

ஆனால் நீயே சொல், தப்பு யார் மேல்? ஊரில் இருக்கிற சைக்கிளுக்கெல்லாம் ஒரே மாதிரி ஸ்டாண்டு மாட்டி வைத்தால் மனுஷன் என்ன செய்வார்? இவர் பாட்டிலைத் தொலைக்கவில்லை, எறியவில்லை, ஸ்டாண்டில்தான் வைக்கிறார். ஸ்டாண்டு இருக்கிற சைக்கிள்தான் மாறிவிடுகிறது. அதனால் ஒரு நாள் பாட்டிலையும் ஸ்டாண்டையும் சேர்த்து ஒரு கயிற்றால் கட்டிவிட்டேன். அன்றைக்கு பாட்டில் ஒழுங்காக வீடு வந்தது. நான் கொடுத்த தண்ணீரும் அப்படியே வந்தது. குனிந்து குடிக்கப் பார்த்தாராம், கழுத்துப் பிடித்துக்கொண்டதாம். நான்தான் முடிச்சு போட்டேன் என்று இவருக்குத் தெரியாது. "எவனோ விஷமி கட்டிட்டாம்மா" என்றார். "கை காலை முறிக்கணும் அவனுக்கு" என்றேன். போன வாரம் அதற்கும் மேலே போயிற்று. வெற்றிக் களையோடு வந்தார். "பாட்டில் கொண்டுவந்துட்டேன் பாரு!" என்று கொடுத்தார். நீல நிறத்தில், முயல் படம் போட்ட, யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பாட்டில். பாதி ஜூஸ் வேறு இருந்தது. நான் அதை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ரொம்ப சமர்த்து" என்றேன். எனக்கும் வேறு என்ன சொல்லத் தெரியும்? அன்றைக்கு சாயங்காலம் வீடியோ காலில் இவரே அந்த முயலைக் கேமராவுக்கு முன்னால் நீட்டிவிட்டார். பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வர்றேம்மா" என்றான்.

எதற்கு வருகிறான் என்று எனக்குத் தெரியும். அதனால் உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். அவன் வருவதற்குள், எந்த சைக்கிளிலும் இல்லாத மாதிரி ஒரு ஸ்டாண்டு பார்த்து அனுப்பு. சிவப்பாக இருக்கட்டும், பூட்டுப் போடுகிற மாதிரி இருக்கட்டும், கூப்பிட்டால் குரல் கொடுக்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. விலையைப் பார்க்காதே. அப்படியே உன் மருமகனுக்கும் ஒரு போன் போட்டு, 'இந்தக் காலத்து ஸ்டாண்டெல்லாம் இப்படித்தான்டா, பாட்டிலை விட்டுடும், உங்கப்பா மேல தப்பு இல்ல' என்று சொல். நான் சொன்னால் அம்மா மழுப்புகிறாள் என்பான். நீ சொன்னால் மாமா தொழில் தெரிந்தவர் என்று கேட்பான். இவருக்கு ஒன்றும் இல்லை, தம்பி. சாப்பிடுகிறார், சிரிக்கிறார், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அந்த சைக்கிள் மட்டும் இருந்தால் இவர் இப்படியே இருப்பார். இவரை நாற்காலியில் உட்காரவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். பெரியவளைப் படிப்பில் கவனமாக இருக்கச் சொல், சின்னவனுக்கு என் முத்தம். உன் முதுகுவலிக்குச் சூடாக ஒத்தடம் கொடு, அதைப் பற்றி இனி போனில் பேசாதே. நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், நினைத்தது நினைத்தபடி நடந்து, நிறைய காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டு, உன் விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தேன். இவர் திருப்புளியோடு உள்ளே வந்தார். இன்னொரு கையில் ஸ்டாண்டு. கழற்றிவிட்டிருக்கிறார். சைக்கிள் சாவியை என் முன்னால் மேஜைமேல் வைத்தார்.

"இதை நீயே வெச்சுக்கோம்மா" என்றார்.

"ஏங்க? மறுபடியும் லூஸா?"

"அதுல ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்."

நான் பேனாவை வைத்துவிட்டேன். இவர் எதிரில் உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "ரொம்ப நாளா நான் தெருமுனையைத் தாண்டறதே இல்ல. அங்க போனதும் எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியல. தையக்கடை வாசல்ல வண்டியை நிறுத்திட்டு உக்காந்துடறேன். நேரமானதும் அந்தம்மாதான் நம்ம வீட்டுப் பக்கம் கை காட்டி அனுப்பி வைக்குது. உன்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். பயமா இருக்கும்மா."

"பின்ன ஏங்க தினமும் போனீங்க? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கடை கடையா ஏறி எறங்கி பாட்டில் வாங்கறே. காலைல எழுந்ததும் அதைக் கழுவி ரொப்பறே. வாசல்ல நின்னு அவ்வளவு சந்தோஷமா கையாட்டறே. எப்படிம்மா வேணாங்கறது?"

தம்பி, இவரை நாற்காலியில் உட்காரவிடக் கூடாது என்று நான் இத்தனை பாடு பட்டேன். இவர் அந்தத் தையல்கடை வாசல் படியில் தினமும் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், என் மனசு நோகக் கூடாதென்று. மேலே நான் எழுதியதெல்லாம் பிசகு. கிழித்துப் போட்டிருப்பேன், இவ்வளவு எழுதிக் கை வலித்த பிறகு மனசு வரவில்லை, அதனால் அனுப்புகிறேன். படித்துவிட்டு விட்டுவிடு. உன் மருமகனிடம் எதுவும் பேச வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவன் வரும்போது நீயும் வா. ஸ்டாண்டு வேண்டாம், பாட்டில் வேண்டாம், ஒன்றும் வாங்கி வராதே. சும்மா கையை வீசிக்கொண்டு வா, எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது.